சின்னாளபட்டி டாக்டர் அம்மா: சௌந்தரம் ராமச்சந்திரனின் வாழ்வும் பணியும் – ஒரு நிகழ்வு ஆய்வு

சமூகப்பணிக் கல்வியின் இந்திய வரலாற்றை நம் வகுப்புகளில் வழக்கமாகப் பம்பாயிலிருந்து தொடங்குவார்கள். நாக்பாடா பகுதியில் உழைக்கும் குடும்பங்களிடையே வேலை செய்துவந்த கிளிஃபோர்ட் மான்ஷார்ட் என்ற அமெரிக்க மிஷனரி, டாடா அறக்கட்டளையின் துணையோடு 1936இல் ஒரு பள்ளியைத் தொடங்கினார். அதுதான் இன்றைய டாடா சமூக அறிவியல் நிறுவனம். அப்புறம் 1952இல் சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் தொடங்கிய மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க். இரண்டும் பெருமைக்குரிய நிறுவனங்கள், இரண்டும் நகரத்தில் பிறந்தவை. அங்கே சொல்லிக்கொடுக்கப்பட்ட தனிநபர் பணியும் குழுப்பணியும் அமெரிக்க நகரங்களின் அனுபவத்தில் உருவானவை.

இதே காலத்தில், 1947இல், அன்றைய மதுரை மாவட்டத்தில் திண்டுக்கல்லுக்குப் பக்கத்தில், சின்னாளபட்டி என்ற நெசவாளர் ஊரை ஒட்டி, காந்திகிராமம் என்ற இன்னொரு முயற்சி தொடங்கியது. அதைத் தொடங்கியவர் டாக்டர் டி. எஸ். சௌந்தரம். அவரிடம் சமூகப்பணிப் பட்டம் இல்லை, மருத்துவப் பட்டம் இருந்தது. ஆனால் கிராம வேலைக்கு ஆட்களைத் தயார்செய்வது எப்படி என்ற கேள்விக்குத் தமிழ்நாட்டில் கிடைத்த முழுமையான பதில் அவருடைய வாழ்க்கையில் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். முதலில் ஊருக்கு வேண்டிய வேலையைச் செய், பிறகு அதே வேலையை அந்த வட்டாரத்துப் பெண்ணுக்குக் கற்றுக்கொடு, அந்தக் கற்றுக்கொடுத்தலே வளர்ந்து கல்வி நிறுவனம் ஆகட்டும். காந்திகிராமம் இந்த வரிசையில்தான் வளர்ந்தது. பின்னால் இந்த வரிசை தலைகீழாக மாறத் தொடங்கியபோது என்ன ஆயிற்று என்பதும் இந்த நிகழ்வின் முக்கியமான பகுதி.

பிறந்த வீடும் முதல் திருமணமும்

சௌந்தரம் 1904இல் பிறந்தார். தந்தை திருக்குறுங்குடி டி. வி. சுந்தரம் ஐயங்கார், தாய் லட்சுமி அம்மாள். தந்தை 1910களின் தொடக்கத்திலேயே மதுரையை மையமாக வைத்துப் பேருந்து விட்டவர். டிவிஎஸ் என்ற மூன்றெழுத்தைத் தென்னிந்தியா முழுக்க அறியச் செய்தவர். பணமும் ஒழுங்கும் ஆசாரமும் சேர்ந்த வீடு. அந்தக் கால வழக்கப்படி சிறு வயதிலேயே சௌந்தரராஜன் என்ற மருத்துவருக்கு மணம் செய்துகொடுத்தார்கள். இளவயதிலேயே கணவரை இழந்தார் சௌந்தரம்.

1920களில், ஒரு வைதிக ஐயங்கார் குடும்பத்தில், இளம் விதவைக்கு என்ன வாழ்க்கை காத்திருந்தது என்பதைத் தமிழ் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. இந்த வீட்டில் நடந்தது வேறு. பெண்ணைப் படிக்க அனுப்பினார்கள், அதுவும் தில்லிக்கு. பெண்களுக்கென்றே 1916இல் தொடங்கப்பட்ட லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1936இல் பட்டம் பெற்றார். அப்போது அவருக்கு வயது முப்பதைக் கடந்திருந்தது.

படிப்பு பாதியில் நின்றுபோன பெண், கணவனை இழந்த பெண், 'இனி இவளுக்கு என்ன' என்று ஊர் கைவிட்ட பெண் – இவர்களுக்குத் தாமதமாகவேனும் படிப்பும் தொழிலும் கொடுக்க முடியும் என்பதைச் சௌந்தரம் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. தன் வாழ்க்கையிலேயே அதைப் பார்த்தவர். பிற்காலத்தில் காந்திகிராமத்தில் விதவைகளுக்கும் கைவிடப்பட்ட பெண்களுக்கும் தங்குமிடமும் பயிற்சியும் ஒரே கூரையின் கீழ் ஏற்பாடானதை இந்தப் பின்னணியோடு சேர்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

ஓர் ஆண்டுக் காத்திருப்பு

தில்லியில் கிடைத்த நட்புகளில் ஒன்று சுசீலா நய்யார். அவரும் லேடி ஹார்டிஞ்சில் படித்தவர், பின்னால் காந்தியின் மருத்துவரானவர். அவர் வழியாகச் சௌந்தரத்துக்குக் காந்தியின் அறிமுகம் கிடைத்தது. காந்தியின் வட்டத்திலேயே ஜி. ராமச்சந்திரனும் இருந்தார். நெய்யாற்றின்கரைப் பகுதியைச் சேர்ந்த மலையாளி. அவரும் சௌந்தரமும் ஒரே ஆண்டில் பிறந்தவர்கள். ராமச்சந்திரன் சாந்திநிகேதனில் தாகூரிடம் படித்தவர், வைக்கம் சத்தியாக்கிரகத்தில் பங்கெடுத்தவர், காந்தியோடு கலையையும் அழகையும் பற்றி நேருக்கு நேர் விவாதித்த இளைஞர்.

இருவரும் மணம் செய்துகொள்ள விரும்பினார்கள். வேறு சாதி, வேறு மொழி, பெண்ணுக்கு மறுமணம். வீட்டில் கடும் எதிர்ப்பு. காந்தி உடனே ஆசி கொடுத்துவிடவில்லை. ஓராண்டு இருவரும் பார்க்காமல், தொடர்பே இல்லாமல் இருங்கள். அதன் பிறகும் மனம் மாறாவிட்டால் பார்க்கலாம் என்றார். இருந்தார்கள், மனம் மாறவில்லை. 1940 நவம்பரில் சேவாகிராமத்தில் காந்தியின் முன்னிலையில் திருமணம் நடந்தது. மணமக்களின் உடை காந்தியும் கஸ்தூர்பாவும் நூற்ற நூலில் நெய்த கதர்.

இந்தத் திருமணத்தை ஒரு காதல் கதையாக மட்டும் சொல்லி நகர்ந்துவிட முடியும். ஆய்வு நோக்கில் பார்த்தால் இது இரண்டு பயிற்சிகள் சேர்ந்த இடம். ராமச்சந்திரன் படித்த சாந்திநிகேதனுக்குப் பக்கத்திலேயே, சுருலில், தாகூர் 1922இல் லெனார்ட் எல்ம்ஹர்ஸ்டின் துணையோடு ஸ்ரீநிகேதன் என்ற கிராமப் புனரமைப்பு நிலையத்தைத் தொடங்கியிருந்தார். கிராமத்தையும் படிப்பையும் ஒன்றாகப் பார்க்கும் பார்வை அங்கிருந்து ராமச்சந்திரனுக்கு வந்திருக்க வேண்டும். சௌந்தரத்திடம் கைத்தொழில் இருந்தது: காய்ச்சலைப் பார்க்கத் தெரியும், பிரசவம் பார்க்கத் தெரியும். ஒருவர் சிந்தனையாளர், இன்னொருவர் வேலைக்காரர் என்று பிரித்துவிட வேண்டாம், இருவரும் இரண்டும்தான். ஆனாலும் ஒரு கிராமத்துக்குள் முதலில் நுழைய உதவியது மருத்துவரின் பைதான்.

கஸ்தூர்பா நிதி

1942 'வெள்ளையனே வெளியேறு' போராட்டத்தில் இருவரும் இறங்கினார்கள். 1944 பிப்ரவரியில் கஸ்தூர்பா ஆகா கான் மாளிகைச் சிறையில் இறந்தார். அவர் நினைவாக நாடெங்கும் ஒரு கோடி ரூபாய்க்கு மேல் நிதி திரண்டது. அந்தப் பணம் கிராமத்துப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மட்டுமே செலவாக வேண்டும், வேலையைச் செய்பவர்களும் பெண்களாகவே இருக்க வேண்டும் என்பது காந்தியின் பிடிவாதம். தமிழ்நாட்டுப் பொறுப்பு சௌந்தரத்திடம் வந்தது.

பொறுப்பை எடுத்தவர் உடனே ஒரு முட்டுச்சந்தில் நின்றிருப்பார் என்பது உறுதி. கிராமத்தில் தங்கி வேலை செய்யப் பெண்கள் வேண்டும், அப்படிப் பயின்ற பெண்களோ இல்லை. நகரத்தில் படித்த பெண்கள் கிராமத்தில் தங்க வரமாட்டார்கள்; வந்தாலும் வீட்டார் விடமாட்டார்கள். கிராமத்தில் இருக்கும் பெண்களுக்கு எழுத்தறிவே அபூர்வம். ஆகவே பயிற்சிதான் முதல் வேலை என்றாயிற்று. ஓரளவு எழுதப் படிக்கத் தெரிந்த கிராமத்துப் பெண்களை அழைத்து, சுகாதாரம், குழந்தை வளர்ப்பு, நூற்பு, அடிப்படைக் கல்வி ஆகியவற்றைக் கற்றுக்கொடுத்து, கிராம சேவிகைகளாகத் திருப்பி அனுப்பும் ஏற்பாடு உருவானது. இந்திய அரசு 1952 அக்டோபர் 2 அன்று சமுதாய வளர்ச்சித் திட்டத்தைத் தொடங்கிப் பிற்பாடு கிராம சேவிகைகளை நியமித்தபோது, கஸ்தூர்பா நிறுவனங்களில் அந்தப் பயிற்சி ஏற்கெனவே பல ஆண்டுகளாக நடந்துகொண்டிருந்தது.

சின்னாளபட்டியில்

1946 பிப்ரவரியில் காந்தி மதுரைக்கும் பழனிக்கும் ரயிலில் வந்தார். வழியில் அம்பாத்துரை நிலையத்தில் கூடியிருந்த கூட்டத்துக்காக வண்டி நின்றது. சிறுமலையின் அடிவாரத்தில் இருக்கும் சின்ன நிலையம் அது. அதற்கு எட்டும் தூரத்திலேயே, ஊர்ப் பெரியவர்களின் ஒத்துழைப்போடு கிடைத்த நிலத்தில், 1947 அக்டோபர் 7 அன்று காந்திகிராமம் தொடங்கப்பட்டது. விடுதலை கிடைத்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

சின்னாளபட்டி தறி ஊர். நாள் முழுக்கத் தறிச் சத்தம், சாயப்பட்டறைகள், வீடும் வேலையிடமும் ஒன்றே. பெண்கள் பாவு ஓட்டுவதும் நூல் சுற்றுவதுமாக வீட்டுக்குள்ளேயே உழைப்பார்கள். சுற்றியுள்ள கிராமங்களோ மானாவாரி விவசாயத்தை நம்பியவை. இந்த இடத்தில் சௌந்தரம் முதலில் வைத்தது பள்ளிக்கூடமோ பிரார்த்தனைக் கூடமோ கிடையாது, சிறியதொரு தாய்சேய் நல விடுதி. பின்னால் கஸ்தூர்பா மருத்துவமனையாக வளர்ந்தது அதுதான்.

ஏன் பிரசவம்? இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அன்று கிராமத்தில் பிரசவம் வீட்டின் ஓர் இருட்டு மூலையில் நடந்தது. தீட்டு என்பதால் நல்ல அறை கிடைக்காது, பழந்துணிதான் விரிப்பு. தொப்புள்கொடியை அரிவாளாலோ கையில் கிடைத்த கத்தியாலோ அறுத்து, வெட்டிய இடத்தில் சாம்பலோ சாணமோ வைப்பது பல இடங்களில் வழக்கம். பிறந்து ஏழெட்டு நாளில் பிள்ளைக்கு வாய் கிட்டித்து இழுப்பு வந்து இறந்துபோனால், 'பேய் அறைந்துவிட்டது' என்பார்கள். அது தொப்புள் வழியாக ஏறிய டெட்டனஸ். கொதிக்க வைத்த நூல், சுத்தமான பிளேடு, சோப்புப் போட்டுக் கழுவிய கை – இந்த மூன்றும் இருந்தால் பெருமளவு தடுக்கலாம். இதற்கு டாக்டர் தேவையில்லை, பயின்ற பெண் ஒருத்தி போதும். அவள் பக்கத்து வீட்டில் இருக்க வேண்டும், நடுராத்திரியில் கதவைத் தட்டினால் எழுந்து வர வேண்டும். அவ்வளவுதான். காந்திகிராமத்தின் பயிற்சிக் கல்வி முழுவதற்கும் வித்து இந்தச் சின்னக் கணக்கில் இருக்கிறது.

இதில் சாதியும் இருந்தது. மருத்துவச்சி வேலை பெரும்பாலும் முடிதிருத்தும் சமூகத்துப் பெண்களின் தலையில் கட்டப்பட்டிருந்த வேலை. அந்தப் பெண்களின் அனுபவ அறிவுக்கு உரிய மதிப்பும் கிடையாது, கூலியும் கிடையாது. உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தவளையே வாசலோடு நிறுத்துவார்கள். ஓர் ஐயங்கார் வீட்டுப் பெண் தானே கைபோட்டுப் பிரசவம் பார்த்ததும், எல்லாச் சாதிப் பெண்களையும் சேர்த்து உட்காரவைத்து அதைப் படிப்பாகச் சொல்லிக்கொடுத்ததும் ஊரின் கண்ணில் என்னவாகப் பட்டிருக்கும்? மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் தாழ்த்தப்பட்ட மக்கள் நுழைந்தே அப்போது எட்டு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. காந்திகிராமத்தில் விடுதியும் சாப்பாடும் எல்லாருக்கும் பொது. இதைச் சமையல்கட்டு ஏற்பாடு என்று கடந்துபோகிறவர்கள் உண்டு. பயிற்சியின் முதல் பாடமே அந்தப் பந்திதான் என்பேன்.

ஒன்றிலிருந்து ஒன்று

மருத்துவமனைக்குப் பெற்றெடுக்க வந்த பெண்களில் சிலர் குழந்தையை வைத்துக்கொள்ள முடியாத நிலையில் இருந்தவர்கள். அந்தக் குழந்தைகளுக்காகச் சௌபாக்கிய இல்லம் வந்தது. பிள்ளைகள் வளர்ந்தால் பள்ளி வேண்டும். 1937இல் வார்தாவில் காந்தி முன்வைத்த, கைத்தொழில் வழியாகப் பாடம் கற்பிக்கும் ஆதாரக் கல்வி முறையில் பள்ளி தொடங்கியது. பள்ளிக்கு ஆசிரியர் வேண்டும். ஆசிரியர் பயிற்சி வந்தது. ஆதரவற்ற பெண்களுக்கு இல்லம் வந்தது, அவர்கள் சொந்தக் காலில் நிற்கத் தொழில் வேண்டும். கதரும் கிராமத் தொழில்களும் வந்தன. மூலிகை மருந்து தயாரிக்கும் லட்சுமி சேவா சங்கமும் இந்தக் குடும்பத்தில் ஒன்று.

இந்த வளர்ச்சியில் ஓர் ஒழுங்கு தெரிகிறது. எந்தப் பயிற்சியும் முதலில் ஒரு துறையாகத் திட்டமிட்டு, பிறகு மாணவரைத் தேடி, கடைசியில் களத்துக்கு அனுப்பப்பட்டதாக இல்லை. களத்தில் ஒரு வேலை நடக்கிறது, அந்த வேலைக்கு ஆள் போதவில்லை, ஆகவே ஆள் தயாராகிறது. இன்று சமூகப்பணிக் கல்லூரிகளில் வாரத்தில் இரண்டு நாள் 'களப்பணி' என்று ஒதுக்கி, மாணவர்களுக்கு இடம் தேடிக்கொடுக்க ஆசிரியர்கள் அலைவதைப் பார்க்கும்போது இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்று புரிகிறது. காந்திகிராமத்தின் தொடக்க ஆண்டுகளில் களத்தைத் தேடிப் போக வேண்டியிருக்கவில்லை. மாணவிகள் களத்திலேயே குடியிருந்தார்கள்.

1956: படிப்புக்கு ஒரு பெயர்

இன்னொரு பக்கத்தில் தில்லியிலும் கிராம உயர்கல்வி பற்றிய பேச்சு நடந்துகொண்டிருந்தது. 1948–49 ராதாகிருஷ்ணன் கல்விக் குழுவின் அறிக்கையில் கிராமப் பல்கலைக்கழகங்கள் பற்றித் தனி அத்தியாயமே உண்டு. அந்தக் குழுவில் இருந்த அமெரிக்கர் ஆர்தர் மார்கன், டென்னசி பள்ளத்தாக்கு ஆணையத்தின் தலைவராக இருந்தவர், இந்தக் கருத்தில் மிகுந்த ஈடுபாடு காட்டினார். பின்னர் கே. எல். ஸ்ரீமாலி தலைமையிலான குழு இதை நடைமுறைத் திட்டமாக்கியது. 1956 தொடங்கி நாட்டின் பல பகுதிகளில் பத்துக்கு மேற்பட்ட கிராமிய உயர்கல்வி நிறுவனங்கள் வந்தன. ஸ்ரீநிகேதன், தில்லி ஜாமியா, உதய்ப்பூர் வித்யா பவன், குஜராத்தில் சனோசரா, மகாராஷ்டிரத்தில் கார்கோட்டி, தமிழ்நாட்டில் கோவை பெரியநாயக்கன்பாளையம் ராமகிருஷ்ண வித்யாலயம், காந்திகிராமம்.

முக்கியப் படிப்பு மூன்றாண்டு கிராமப் பணி டிப்ளமோ. வகுப்போடு உடலுழைப்பும் கிராம விரிவுப் பணியும் கட்டாயம். இதோடு கிராமப் பொறியியல், வேளாண்மைச் சான்றிதழ்ப் படிப்புகளும் நடந்தன. காந்திகிராமத்தில் இந்த உயர்கல்வி நிறுவனத்தின் இயக்குநராக ராமச்சந்திரன் இருந்து வளர்த்தார்.

காகிதத்தில் திட்டம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இங்கேதான் முதல் விரிசல் விழுந்தது. மூன்றாண்டு படித்த பையன் வீட்டுக்குப் போனால் அப்பா கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று: "இது பி.ஏ.வுக்குச் சமமா?" வேலைக்கு எடுக்கும்போது அரசு சமம் என்று ஏற்றது; பல்கலைக்கழகங்கள் மேற்படிப்புக்குச் சேர்க்கத் தயங்கின. கிராமத்துப் பெற்றோருக்குப் பிள்ளையைப் படிக்கவைப்பது என்பது அவனைக் கிராமத்திலிருந்து வெளியேற்றுவதற்கான செலவு. அந்தப் படிப்பே அவனைக் கிராமத்துக்குத் திருப்பி அனுப்புகிறது என்றால் அவர்கள் ஏன் விரும்பப்போகிறார்கள்? அதில் பெற்றோரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தலைமுறை தலைமுறையாக அந்த ஊரில் பட்டவர்கள் அவர்கள். நாட்டின் மற்ற கிராமிய நிறுவனங்களில் பல, காலப்போக்கில் சாதாரணக் கலைக்கல்லூரிகளாகவோ வேளாண் கல்லூரிகளாகவோ மாறிப்போனதற்கு இது முக்கியக் காரணம்.

ஆத்தூர் வட்டாரம்

சௌந்தரத்தின் முறை தன் முழு வலிமையைக் காட்டிய இடம் காந்திகிராமத்தைச் சுற்றியுள்ள ஆத்தூர் வட்டாரம். சுமார் ஒரு லட்சம் மக்கள் வாழ்ந்த பகுதி. 1959இல் இங்கே ஒரு முன்னோடிச் சுகாதாரத் திட்டம் தொடங்கியது. மாநில அரசும் அமெரிக்காவின் ஃபோர்டு அறக்கட்டளையும் துணை நின்றன. 1964இல் அது கிராமியச் சுகாதார, குடும்ப நலப் பயிற்சிக்கான தனி நிறுவனமாக வளர்ந்தது.

குடும்பக் கட்டுப்பாடு என்ற பேச்சை எடுத்தாலே வெட்கப்பட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும் காலம். ஆத்தூரில் நடந்தது என்னவென்றால், ஒவ்வொரு கிராமத்திலும் யாருடைய பேச்சுக்கு மதிப்பு இருக்கிறது என்று முதலில் ஊராரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். அது எப்போதும் பஞ்சாயத்துத் தலைவராக இருக்காது. டீக்கடைக்காரராக இருக்கலாம், நாலு பிள்ளை பெற்ற ஒரு நடுவயதுப் பெண்ணாகவும் இருக்கலாம். அவர்களை அழைத்துச் சிறு பயிற்சி கொடுத்தார்கள். ஊசியும் மருந்தும் கொண்டுவரும் செவிலியை ஊருக்கு ஏற்கெனவே தெரியும், பிரசவம் பார்த்தவள் அவள்தான். கருத்தடை பற்றி அவள் பேசும்போது அது அரசாங்கத்தின் பிரச்சாரமாகக் காதில் விழவில்லை. 1959இல் ஆயிரம் பேருக்கு 43 அளவில் இருந்த பிறப்பு விகிதம் 1968இல் 28 அளவுக்கு இறங்கியது. இந்தியாவில் அந்த நாளில் வெகு சில இடங்களிலேயே இப்படி நடந்தது.

பிற்காலத்தில், நெருக்கடி நிலையின்போது, இலக்கு வைத்து ஆட்களைப் பிடித்து அறுவை செய்த வட இந்திய அனுபவத்தோடு இதை ஒப்பிட்டுப் படிக்க வேண்டும். பிரசவத்தில் உயிரைக் காப்பாற்றி, பிள்ளை பிழைக்கும் என்ற நம்பிக்கையைத் தாய்க்குக் கொடுத்த பிறகே 'போதும்' என்ற பேச்சு எடுபடும். அந்த வரிசையை ஆத்தூரில் காப்பாற்றினார்கள்.

அரசியல் ஆண்டுகள்

சௌந்தரம் 1952இல் ஆத்தூர், 1957இல் வேடசந்தூர் தொகுதிகளிலிருந்து காங்கிரஸ் சார்பில் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1962இல் திண்டுக்கல்லின் மக்களவை உறுப்பினரானார். மத்திய கல்வித் துறையில் துணை அமைச்சர் பதவி கிடைத்தது. அதே ஆண்டு பத்மபூஷண். 1967 தேர்தலில் தி.மு.க. அலையில் தோற்றார்.

அவருடைய அமைச்சர் பதவிக்காலத்தை இலவசக் கட்டாயத் தொடக்கக் கல்விக்கும், கல்லூரி மாணவர்களைச் சமூகப் பணியில் இறக்கும் யோசனைக்கும் அவர் காட்டிய அக்கறைக்காக நினைவுகூர்கிறார்கள். மாணவர்களை அப்படி இறக்கும் நாட்டு நலப்பணித் திட்டம் (என்.எஸ்.எஸ்.) 1969இல் 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கியது. இந்த ஆண்டுகளைப் பற்றி நீட்டிச் சொல்ல எனக்கு ஆர்வம் குறைவு. அவருடைய அசலான பங்களிப்பு தில்லியில் நடக்கவில்லை. தேர்தல் தோல்விக்குப் பிறகு அவர் திரும்பி வந்து உட்கார ஓர் இடம் இருந்தது, செய்ய வேலை இருந்தது. அரசியலில் தோற்றவர்களில் எத்தனை பேருக்கு அது வாய்க்கிறது?

வலுவும் சிக்கலும்

இந்த நிகழ்வைச் சமூகப்பணி மாணவர்களோடு விவாதிக்கும்போது ஒரு கேள்வி தவறாமல் எழும்: டிவிஎஸ் குடும்பத்துப் பெண், காந்தியின் நேரடி அறிமுகம், பிறகு அமைச்சர் பதவி – இவ்வளவு பின்பலம் இருந்தால் யார்தான் செய்யமாட்டார்கள்? நியாயமான கேள்வி. பின்பலம் உண்மை. நிலமும் நிதியும் அனுமதிகளும் அவருக்கு வந்த வேகத்தில் சாதாரணக் களப்பணியாளருக்கு வராது. ஆனால் அதே பின்பலம் உள்ள பலர் ஓர் அறக்கட்டளை வைத்து, ஆண்டு விழாவுக்கு வந்து, குத்துவிளக்கேற்றிவிட்டுப் போனார்கள். சௌந்தரம் அங்கேயே குடியிருந்தார். பின்பலம் கட்டடத்தைக் கொடுக்கும். ராத்திரி இரண்டு மணிக்கு வண்டியில் வரும் பிரசவ வலிக்காரிக்கு வேண்டியது வேறு.

இரண்டாவது சிக்கல் அங்கீகாரம். 1976 ஆகஸ்டில் காந்திகிராம கிராமிய நிறுவனம் நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதி பெற்றது. ராமச்சந்திரன் முதல் துணைவேந்தர். "பி.ஏ.வுக்குச் சமமா" என்ற பழைய கேள்விக்கு ஒருவழியாகப் பதில் கிடைத்தது. இதைத் தோல்வி என்று சொல்பவர்களோடு நான் உடன்படவில்லை. முதல் தலைமுறையாகப் படிக்கவரும் கிராமத்துப் பிள்ளைக்கு வெளியே மதிப்புள்ள பட்டம் வேண்டும். அதை மறுத்து லட்சியம் பேசுவது அநியாயம். ஆனால் பட்டம் வந்தால் கூடவே பாடத்திட்டம், தகுதி விதி, பருவத்தேர்வு, ஆய்வேடு எல்லாம் வரும். எட்டாம் வகுப்புப் படித்த ஒரு கைம்பெண்ணை உட்காரவைத்து மருத்துவச்சியாக்கிய கல்விக்கு அந்தச் சட்டகத்தில் இடம் கிடையாது. ஆகவே இரண்டும் பிரிந்தன: ஒரு பக்கம் பல்கலைக்கழகம், மறுபக்கம் மருத்துவமனையும் இல்லங்களும் பயிற்சி மையங்களும் நடத்தும் அறக்கட்டளை. ஒரே சாலையில் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கின்றன. இருந்தாலும் முன்பு களத்திலிருந்து படிப்பு பிறந்தது. இனி படிப்பிலிருந்து களத்துக்குப் போய்வர வேண்டும். இந்தப் பிரிவை எப்படிக் குறைப்பது என்பதே காந்திகிராமம் மட்டுமின்றிக் கிராமியச் சமூகப்பணிக் கல்வி நடத்தும் எல்லாருக்கும் முன்னால் நிற்கும் கேள்வி. தங்கிப் பயிலும் நீண்ட களப்பணி ஒரு வழி. களப்பணியாளர்களையே ஆசிரியர்களாக வகுப்புக்குள் கொண்டுவருவது இன்னொரு வழி. இரண்டுக்கும் விதிமுறைகளைத் தளர்த்த வேண்டும், தளர்த்தலாம்.

மூன்றாவது, நிலம். நாட்டுப்புறத்தின் துன்பத்தில் பாதி நோயிலும் அறியாமையிலும் இருந்தால் மறுபாதி நில உடைமையில் இருந்தது. மருத்துவமனை, பள்ளி, தொழில் என்று வளர்ந்த சௌந்தரத்தின் முறை அந்த மறுபாதியை நேரடியாகத் தொடவில்லை. இது உண்மையான வரம்பு. ஆனால் அவர் கைதூக்கிவிட்ட ஒரு மாணவி அதைத் தொட்டார்.

கிருஷ்ணம்மாள்

திண்டுக்கல் பகுதியின் அய்யன்கோட்டையில் 1926இல் ஒரு நிலமற்ற தலித் குடும்பத்தில் பிறந்தவர் கிருஷ்ணம்மாள். தகப்பனை இளமையிலேயே இழந்தவர். மதுரையில் சௌந்தரம் நடத்திய பெண்கள் விடுதியில் இடம் கிடைத்துப் படித்தார். தலித் பெண் ஒருத்தி கல்லூரிக்குப் போவதே கேள்விப்படாத காலத்தில் பட்டம் பெற்றார். சௌந்தரம் அவருக்குக் கொடுத்தது சோறும் புத்தகமும் மட்டுமாக இருக்கவில்லை. சர்வோதய இயக்கத்தின் கதவும் அந்த விடுதியிலிருந்தே திறந்தது. 1950இல் சங்கரலிங்கம் ஜெகந்நாதனை மணந்தார், நிலம் உள்ளவர்களிடம் தானமாகக் கேட்டு நிலமற்றவர்களுக்குக் கொடுக்கும் பூதான இயக்கத்தில் இருவரும் நடந்தார்கள்.

1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட தலித் விவசாயக் கூலிக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். அதன் பிறகு கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் தஞ்சைத் தரணிக்குப் போய் அங்கேயே தங்கினார்கள். 1981இல் லாஃப்டி என்ற அமைப்பைத் தொடங்கி, நிலக்கிழார்களோடு பேசி, வங்கிக் கடன் ஏற்பாடு செய்து, நிலமற்ற ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குப் பெண்களின் பெயரில் நிலம் வாங்கிக்கொடுத்தார்கள். 2008இல் மாற்று நோபல் எனப்படும் ரைட் லைவ்லிஹுட் விருது இருவருக்கும் கிடைத்தது. 2020இல் கிருஷ்ணம்மாளுக்குப் பத்மபூஷண் – சௌந்தரத்துக்கு 1962இல் கிடைத்த அதே விருது.

சௌந்தரம் 1984இல் மறைந்தார், ராமச்சந்திரன் 1995இல். 2005 அக்டோபர் 2 அன்று சௌந்தரத்தின் படத்தோடு அஞ்சல்தலை வெளியானது. கஸ்தூர்பா மருத்துவமனையில் இன்றும் சுற்றுக் கிராமங்களிலிருந்து பெண்கள் பிரசவத்துக்கு வருகிறார்கள். சௌபாக்கிய இல்லத்திலிருந்து குழந்தைகள் சட்டப்படி தத்துக் கொடுக்கப்படுகிறார்கள். செவிலியர் பயிற்சி அதே வளாகத்தில் நடக்கிறது.